பின்னால் வருபவர் சொல்லும் வழி

பின்னால் வரும் சைக்கிளில் சத்தமே இல்லை என்பதை, ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கத்துக்குள் நுழைந்தபோதுதான் மெர்வி கவனித்தாள். வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. பின்னாலிருந்து விழுந்த விளக்கொளியில் அவளுடைய நிழல் நீண்டு, சுரங்கச் சுவரில் வளைந்து ஏறி, அவளுக்கு முன்னால் ஓடியது. ஆனால் ஆணி பதித்த டயர் இறுகிய பனியில் உருளும்போது கடுகு வெடிப்பது போல ஒரு படபடப்பு வருமே, அது அவளுடைய இரண்டு சக்கரங்களிலிருந்து மட்டும்தான் வந்தது. அந்தச் சுரங்கத்தில் ஒருவர் தும்மினால் ஊரே தும்மியது போலக் கேட்கும். அங்கேயும் ஒரு சைக்கிளின் சத்தம்தான் கேட்டது.

மகளின் டயரில் காற்று குறைந்திருக்கும், அல்லது ஆணிகள் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போன குளிர்காலம் வரை அதையெல்லாம் இல்போ பார்த்துக்கொண்டான். இப்போது யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போனதும் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள், அந்த நினைப்பும் மற்றதைப் போலவே எங்கோ தூரத்தில் நடந்தது.

இல்போ அவள் கணவன். மார்ச் கடைசியில், பனி இன்னும் தாங்கும் என்று நம்பி, ஆற்றின் கழிமுகத்தைச் சைக்கிளில் குறுக்காகக் கடக்கப் போனவன் திரும்பவில்லை. சைக்கிள் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஔலு ஊரே வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனது. மெர்வி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள், தட்டுகளைக் கழுவினாள், மறுநாள் வேலைக்குப் போனாள். அழுகை வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி நெஞ்சு மரத்துப்போய்க் கிடந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். பன்னிரண்டு வயது ஹில்மாவை ஆற்றுப் பக்கம் விடுவதில்லை. பள்ளி வாசலில் தானே போய் நின்று, தினமும் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வாள். அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பெண் மட்டும்தான்.

அன்றைக்குக் காலையில் அந்தப் பெண்ணோடுதான் சண்டை.

"அப்பா போன இடத்துக்கு நீ ஒரு தடவை கூட போனதில்ல" என்றாள் ஹில்மா, கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒரு தடவை கூட."

"கஞ்சி ஆறுது. சாப்பிடு."

"உனக்கு ஒண்ணுமே ஆகல இல்ல? ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்க நீ."

"ஃப்ரிட்ஜ் இருக்கிறதாலதான் வெண்ணெய் கெடாம இருக்கு. வெண்ணெயைப் போட்டுச் சாப்பிடு."

ஹில்மா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். கதவு அறைந்த சத்தத்தில் கொக்கியில் தொங்கிய மஃப்ளர் கீழே விழுந்தது. மெர்வி அதை எடுத்து மாட்டினாள்.

மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும் மாதம் அது. பள்ளி வாசலில் குளிர் கண்ணைக் குத்தியது. பிள்ளைகள் எல்லோரும் தலை முதல் கால் வரை பொத்திய குளிருடையில், புருவம் வரை தொப்பியும் கண் வரை மஃப்ளருமாக, ஒரே அச்சில் வார்த்தது போல உருண்டுகொண்டிருந்தார்கள். அந்த மாதத்தில் இந்த ஊரில் பெற்ற தாய்க்கும் பிள்ளையின் முகம் தெரியாது. உடை நிறத்தையும், இடுப்பில் ஆடும் ரிஃப்ளெக்டரையும் பார்த்துத்தான் கூட்டிப் போக வேண்டும். ரிஃப்ளெக்டர் இல்லாமல் இருட்டில் நடப்பவனை இங்கே திருடனைவிட மோசமாகப் பார்ப்பார்கள்.

"மெர்வி, உன் மூக்கு இருக்கா, உதிர்ந்துடுச்சா?" என்றாள் ஆன்னுக்கா, ஹில்மாவின் வகுப்புத் தோழியின் அம்மா.

"இருக்குன்னு நினைக்கிறேன். தொட்டா தெரியல."

"தொடாத. உடைஞ்சு கையில வந்துடும்."

வேலிக்கு அந்தப் பக்கம், மற்றப் பிள்ளைகளிலிருந்து தள்ளி, ஹில்மாவுடையதைப் போன்ற பச்சைக் குளிருடையில் ஓர் உருவம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெர்வி கையை உயர்த்தினாள். உருவமும் கையை உயர்த்தியது. "வா" என்றாள் மெர்வி. பதில் இல்லை. காலைச் சண்டை இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. இந்த ஊரில் இரண்டு பேர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஊர் முழுக்கச் சுற்றி வந்தால் அதற்குப் பெயர் நல்ல சிநேகம். அவள் பெடலை மிதித்தாள், வெளிச்சம் பின்னால் வந்தது.

சுரங்கத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. பின்னால் மணி ஒரு தடவை அடித்தது.

அது இல்போவும் ஹில்மாவும் சேர்ந்து உண்டாக்கிய விளையாட்டு. ஊரில் உள்ள அத்தனை சைக்கிள் பாதையையும், நடைபாதையையும், சந்துபொந்தையும் ஒன்று விடாமல் பார்த்து முடிப்பது என்று அப்பனும் மகளும் சபதம் போட்டிருந்தார்கள். முன்னால் போகிறவர் வழி சொல்லக் கூடாது. பின்னால் வருபவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் வாயால் அல்ல. ஒரு மணி என்றால் இடது, இரண்டு மணி என்றால் வலது. மூன்று அடித்தால் இறங்கி நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் ஏன் எதற்கு என்று கேட்கவோ, திரும்பிப் பார்க்கவோ கூடாது. இல்போ போன பிறகு அந்த விளையாட்டு நின்றுபோயிருந்தது.

மணிச் சத்தம் கேட்டதும் மெர்வியின் மரத்த நெஞ்சில் லேசாக ஏதோ அசைந்தது. பேச மாட்டாள், ஆனால் மணி அடிக்கிறாள். சமாதானத்துக்கு வருகிறாள். மெர்வி மறு பேச்சில்லாமல் இடது பக்கம் திரும்பினாள்.

மரவீடுகளுக்கு நடுவே போனார்கள். ஜன்னல்களில் ஏழு மெழுகுவர்த்தி வடிவ மின்விளக்குகள் எரிந்தன, யார் வீட்டிலோ அந்த மாதத்துக்கே உரிய இஞ்சி பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அடுப்புக்கு மேல் காற்றாடி ஓடும் சத்தத்திலிருந்துதான் தெரிந்தது. வாசனை தெரியவில்லை. அந்தக் குளிரில் மூக்குக்குள் முடியெல்லாம் உறைந்து, எந்த வாசனையும் உள்ளே நுழையாது. மணி இரண்டு. வலது. ஒரு விளையாட்டுத் திடல், பனியில் புதைந்த ஊஞ்சல். மணி ஒன்று. இத்தனை வருடம் இருந்த ஊரில் இப்படி ஒரு சந்து இருப்பதே அவளுக்குத் தெரியாது. பிறகு பாலம். ஆறு கீழே வெள்ளையாகவும், நீரோட்டம் உள்ள நடுப்பகுதியில் மட்டும் கறுப்பாகவும் கிடந்தது. மெர்வி அதைப் பார்க்காமல் பாலத்தைக் கடந்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மணி இரண்டு அடித்தபோதுதான் எங்கே போகிறோம் என்று புரிந்தது. வலது பக்கம் போனால் வடகரை. இல்போவின் சைக்கிள் கிடைத்த இடம்.

பிரேக்கைப் பிடித்தாள். பின்னால் வெளிச்சமும் நின்றது.

"ஹில்மா, வேண்டாம்" என்றாள், திரும்பாமல். "இன்னைக்கு வேண்டாம்."

மணி இரண்டு.

திரும்பிப் பார்த்துத் திட்டி, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் காலையில் அந்தப் பெண் சொன்னது இன்னும் காதில் இருந்தது. ஒரு தடவை கூட போனதில்ல. சரி, கரை வரைக்கும் போகலாம், பனியில் கால் வைக்க விடாமல் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அப்படியாவது தனக்கு ஏதாவது வலிக்கிறதா என்று பார்க்கலாம். அந்த ஆசையும் அவளுக்கு இருந்தது.

கரையோரப் பாதையில் தெருவிளக்குகள் தூரம் தூரமாக நின்றன. எதிரே ஒரு ரிஃப்ளெக்டர் மினுங்கி, பிறகு கிழவர் ரெய்யோவாக மாறியது. பக்கத்துக் குடியிருப்புக்காரர். சறுக்கு வண்டியைக் காலால் உதைத்துக்கொண்டு வந்தவர், கூடையில் கடைச் சாமானுடன் நின்றார்.

"இந்தக் குளிர்ல தன்னந்தனியா எங்க கிளம்பிட்ட?"

"தனியா இல்ல. பொண்ணு வருது பின்னால."

ரெய்யோ அவளுடைய தோளுக்கு மேல் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருட்டில் சைக்கிள் விளக்கைப் பார்த்தால் யாருக்கும் கண் கூசும்தான். ஆனால் அவருக்குக் கூசியது போலத் தெரியவில்லை.

"ஓ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மெர்வி, வீட்டுக்குப் போம்மா. நல்லா சூடா காப்பி குடிச்சிட்டுப் படு."

"கரை வரைக்கும்தான் போறேன்."

"நடு ஆறு இன்னும் உறையல, தெரியுமில்ல? பனி கெட்டியா இருக்கிற இடத்துக்கு அடையாளமா கிளை நட்டு வெச்சிருக்கிற வழிய விட்டு ஒரு அடி நகராத. நகர்ந்தா நான் வந்து தூக்க மாட்டேன், என் இடுப்பு சரியில்ல."

அவர் போனார். துயரம் வந்த வீட்டுக்காரர்களிடம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். கைவிரல்கள் கையுறைக்குள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மடக்கிப் பார்த்தாள். யாருடையதோ போல மடங்கின.

தெருவிளக்குகள் முடிந்தன. இனி அவளுடைய விளக்கும் பின்னால் வரும் விளக்கும்தான். அப்போதுதான் வாசனை வந்தது. எந்த வாசனையும் வர முடியாத அந்தக் குளிரில், கோடைக்காலப் படகுத்துறையில் வருமே, பாசியும் சேறும் பழைய கயிறும் கலந்த வாசனை, அது மூக்கில் ஏறியது. பின்னாலிருந்து வந்தது. அதோடு ஒரு சத்தமும். சொட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொரு சொட்டு. துப்பினால் தரையைத் தொடுவதற்குள் கட்டியாகிவிடும் குளிரில், பனியின் மேல் தண்ணீர் சொட்டும் சத்தம்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அது எங்கோ இருந்தது, மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவது போல. கதவைத் திறக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

பாதை கரையில் முடிந்தது. மணி மூன்று.

மெர்வி இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவில் நடந்தாள். கரையில் நிற்பதாகத்தான் முடிவு செய்திருந்தாள். ஆனால் எது கரை, எது ஆறு என்று பனி காட்டவில்லை. காலடிச் சத்தம் மாறியதை வைத்துத்தான் தெரிந்தது. நொறுநொறுவென்று இருந்தது இப்போது தொம் தொம் என்று கேட்டது. கீழே தண்ணீர். இருபுறமும் நட்டு வைத்த பைன் கிளைகள் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வந்து பின்னால் போயின. நிற்க வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் நடந்தன. இதே கிளைகளுக்கு நடுவேதான் அவனும் போயிருப்பான் என்று நினைத்தாள். அப்போதும் ஒன்றும் வலிக்கவில்லை.

எதிர்க்கரையில் பள்ளியின் ஜன்னல்கள் தெரிந்தன. சுற்றிச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கு நேர் எதிரே வந்திருந்தார்கள். நடுவில் உறையாத ஆறு, கறுப்பாக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடிவயிற்றுக்குப் பக்கத்தில் ஏதோ துடித்தது. ஃபோன். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று எல்லோரையும் போல அவளும் அதைச் சட்டைக்குள், உடம்பை ஒட்டி வைத்திருந்தாள். வாயால் கையுறையைக் கழற்றி, தட்டுத்தடுமாறி எடுத்தாள்.

திரையில் ஹில்மாவின் பெயர்.

"அம்மா, எங்க இருக்க? மரவேலை கிளாஸ் லேட்டாகும்னு மெசேஜ் போட்டேனே, பார்க்கலையா?"

மெர்வி ஃபோனைக் காதில் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"ஹலோ? எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும்தான் வாசல்ல நிக்கிறேன். காலு விறைச்சுப் போச்சு."

"நீ..." என்றாள் மெர்வி. உதடு ஒத்துழைக்கவில்லை. "நீ வாசல்லயா இருக்க?"

"பின்ன எங்க இருப்பேன்? இங்கதான் நிக்கச் சொன்ன."

பின்னால் வெளிச்சம் அசையாமல் நின்றது. அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால், பனியின் மேல், கறுப்புத் தண்ணீர் வரைக்கும் நீண்டு கிடந்தது.

சொட்டு.

மெர்வி சைக்கிளோடு திரும்பினாள். அவளுடைய விளக்கு, வந்த வழியின் மேல் விழுந்தது. ஒரே ஒரு டயர் தடம். ஒரே ஒரு ஜோடிக் கால்தடம். இரண்டும் அவளுடையவை. அவற்றின் மேல், ஆள் உயரத்தில், எதிலும் மாட்டாமல் ஒரு விளக்கு. அதன் கீழே பனியில் சின்னச் சின்னக் குழிகள், தண்ணீர் நிறைந்த குழிகள், உறையாமல் மினுங்கின.

"இல்போ?" என்றாள்.

மணி அடிக்கவில்லை. அந்த விளக்கு மெதுவாக, ஒருவர் தலை சாய்ப்பது போல, ஒரு பக்கம் சாய்ந்தது.

"யாரு கூட பேசற?" என்றது ஃபோன். உடனே ஹில்மா சிரித்தாள். பல நாள் கேட்காத சிரிப்பு. "ஓ, இதோ வந்துட்டியே! ஃபோன்ல பேசிட்டே வண்டி ஓட்டாதன்னு எனக்கு மட்டும் சொல்லு. ஏய், லைட்டக் கீழ இறக்கு, கண்ணு கூசுது."

"ஹில்மா, அது நான் இல்ல."

"சரி சரி, வெக்கறேன். காலைல பேசினதுக்கு ஸாரிம்மா."

"ஹில்மா, போகாத! அது நான் இல்ல! உள்ள போ, ஸ்கூலுக்குள்ள போ—"

திரை கறுத்திருந்தது. எந்த வார்த்தையோடு செத்தது என்று தெரியவில்லை. அழுத்தினாள். மூச்சை ஊதினாள். சட்டைக்குள் விட்டு நெஞ்சில் தேய்த்தாள். கறுப்புதான்.

நிமிர்ந்தபோது அவளுக்கு எதிரே இருந்த விளக்கு இல்லை. வாசனை இல்லை. சொட்டும் இல்லை. அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அது முடிந்துவிட்டது.

பயம் அப்போது வந்தது. மொத்தமாக. மரத்துப்போன விரலை வெந்நீரில் விட்டது போல உடம்பு முழுக்க வலியோடு வந்தது.

வந்த வழியே திரும்பினால் பாலம் வெகு தூரம். சைக்கிளைப் போட்டாள். கிளைகள் காட்டிய வழியை விட்டாள். ஓடினாள், நேராகப் பள்ளியை நோக்கி. காலுக்குக் கீழே பனி முனகியது. ஒரு நீண்ட விரிசல் சத்தம், ஆற்றின் அகலம் முழுக்க ஓடிப் போனது. கறுப்புத் தண்ணீரின் விளிம்பில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் பனி இல்லை. நீரோட்டத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், எதிர்க்கரைப் பனி.

பள்ளிச் சரிவில் இரண்டு விளக்குகள் இறங்கின.

முன்னால் ஒன்று. பின்னால் சின்னது ஒன்று. ஒரே சீராக, அவசரமில்லாமல். ஒரு சைக்கிளின் டயர் சத்தம் மட்டும் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. பின்னால் வருவதன் சத்தம்.

"ஹில்மா!"

மஃப்ளர் மூச்சில் உறைந்து வாயோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எறிந்தாள். உதட்டில் தோல் போனது. கத்தினாள். ஓடும் தண்ணீருக்கு மேல் குரல் போகவில்லை, காலடியிலேயே விழுந்தது.

சின்ன விளக்கிலிருந்து மணி வந்தது. இரண்டு. வலது. வீட்டுக்குப் போகும் பக்கம்.

முன்விளக்கு திரும்பவில்லை.

மறுபடி இரண்டு. மறுபடி.

கரை முடிந்தது. டயர் சத்தம் மாறியது. சின்ன விளக்கு நின்றது. நல்ல பெண். நின்றுவிட்டாள். "திரும்பு" என்று மெர்வி கெஞ்சினாள். "அப்படியே திரும்பிப் போயிடு, கண்ணு."

முன்விளக்கு பனியின் மேல் இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு தாழ்ந்தது. தண்ணீர் தெறிக்கவில்லை, பனி உடையவில்லை. வெளிச்சம் பனிக்குள் இறங்கியது. அணையவில்லை. அடியில் பச்சையாகப் பரவி, உள்ளிருந்து பனியை ஒளிர வைத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பி, வந்த வழியே போனது. சின்ன விளக்குக்கு நேர் கீழே வந்து நின்றது.

ஹில்மா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டாள்.

காலுக்கடியில் இருந்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. காலைக்குப் பிறகு மெர்வி பார்க்காத முகம். மஃப்ளரைக் கீழே இழுத்துவிட்டிருந்தாள். பயமில்லை அதில். யாரையோ அடையாளம் கண்டுகொண்ட முகம். மெல்ல மண்டியிட்டாள். பனித்தூளைக் கையால் விலக்கித் துடைத்தாள், ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பது போல.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையைப் பனியின் மேல் வைத்தாள். அதற்கு நேர் கீழே, மறுபக்கத்திலிருந்து, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல்கள் விரிந்தன. ஒரு கை இல்லை. பல கைகள்.